புதுப்பிப்பு: போலீஸ் ஸ்டேஷன் சிசிடிவி வீடியோ ஆர்டிஐ-ல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கிடைச்சிடுச்சு

பைக் காணாமப் போச்சுன்னு கம்ப்ளெயின்ட் குடுக்கப் போய், ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு அப்புறம் "நீங்க வரவே இல்லையே"ன்னு கைய விரிச்சாங்கன்னு போன பதிவுல புலம்பியிருந்தேனே, அதோட முடிவு இது. ஐடியா குடுத்த எல்லாருக்கும் நன்றி.

நான் வந்ததைக் காட்ட அன்னைக்கு ஸ்டேஷன்ல பதிவான வீடியோவைக் கேட்டு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டேன். 28ஆவது நாள் ஒத்த வரில பதில், பிரிவு 8(1)(எச்) படி, அதாவது விசாரணைக்குத் தடையாகும்ங்கறதால, தர இயலாதாம். இங்கதான் போன பதிவுல வக்கீல் அண்ணா ஒருத்தர் சொன்னது வேலை செஞ்சுது: சும்மா விசாரணைன்னு சொன்னா பத்தாது, வீடியோ குடுத்தா அது எப்படி தடைபடும்னு அவங்கதான் காட்டணும், எஃப்ஐஆரே போடாத கேஸ்ல என்ன விசாரணை? அதையே முதல் மேல்முறையீட்டுல எழுதி, ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாசம், முடியாட்டி குறைஞ்சது ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு பரம்வீர் சிங் சைனி வழக்குல (2020 டிசம்பர்) உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேத்தேன். சிடி வந்துடுச்சு.

மொதல்லயே "பதிவை அழிக்காதீங்க"ன்னு தனியா லெட்டர் போடச் சொன்ன அக்காவுக்கு பெரிய கும்பிடு.

எதிர்பாக்காதது: வழக்கமா வீடியோ பாக்கற விஎல்சி சாஃப்ட்வேர்ல ஓடல, அந்த டிவிஆர் (கேமரா பதிவைச் சேமிக்கற பெட்டி) கம்பெனி பிளேயர்லதான் ஓடுது. ஆடியோவும் பதிவாகணும்னு அதே தீர்ப்புல இருக்கு, இதுல சத்தமே இல்ல. கேமரா கடிகாரம் வேற 40 நிமிஷம் ஃபாஸ்ட்டு, அதனால நேரம் கேக்கறப்ப முன்னபின்ன ஒரு மணி நேரம் சேத்தே கேளுங்க. மடில ஹெல்மெட்டோட நான் கொட்டாவி விடறது மட்டும் தெளிவா இருக்கு.

எஃப்ஐஆர் போட்டாச்சு. பைக் இன்னும் வரல.