துண்டு மொரமொரப்பாகி ஈரத்தை உறிஞ்சவில்லை: வினிகர் போடலாமா?

கேள்வி: போர் தண்ணீர், ஃப்ரண்ட் லோட் மெஷின். குளியல் துண்டுகள் அட்டை மாதிரி விறைக்கின்றன, தண்ணீர் மேலேயே வழிகிறது. வினிகர் எவ்வளவு, எப்போது ஊற்றணும்?

பதில் 1: முதலில் சோதியுங்கள். துவைத்த துண்டை ஒரு வாளி வெந்நீரில் சோப்பில்லாமல் அலசுங்கள். நுரையோ கலங்கலோ வந்தால் பவுடர் தங்கியிருக்கிறது. கடின நீரின் சுண்ணாம்பும் சேர்ந்து படிவதால்தான் அந்த விறைப்பு. துண்டுகளை மட்டும், டிரம்மில் பாதியளவு, 60 டிகிரியில் பவுடர் இல்லாமல் ஓட்டுங்கள். மெஷினின் பவுடர் டிராயரில், கம்ஃபர்ட் (துணியை மென்மையாக்கும் திரவம்) ஊற்றும் பூப்படம் போட்ட அறையில் வெள்ளை வினிகர் 100 மி.லி. ஊற்றினால் கடைசி அலசலில் தானாக இறங்கும். பவுடரோடு சேர்த்து ஊற்றாதீர்கள், காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்து இரண்டுமே வீணாகும். சமையல் சோடா கலந்தாலும் அதே கதிதான்.

பதில் 2: ரொம்ப முக்கியம்: ப்ளீச் போட்ட துணியில் வினிகர் படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து.

பதில் 3: வினிகர் ஒவ்வொரு முறையும் வேண்டாம், கதவு ரப்பர் நாளடைவில் கெடும். எப்போதாவது போதும். கம்ஃபர்ட்டைத் துண்டுக்கு அடியோடு நிறுத்துங்கள், அது நூல்மேல் மெழுகுப்படலம் போல் ஒட்டி உறிஞ்சுவதைத் தடுக்கும். அந்தப் படலம் வினிகருக்கு எளிதில் போகாது. வெள்ளைப் பருத்தித் துண்டென்றால் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். பவுடரையும் குறையுங்கள், அலசி முடிந்தும் கண்ணாடியில் நுரை நின்றால் அளவு அதிகம்.

பதில் 1: காயப்போடும் முன் நாலு உதறு உதறுங்கள், நூல் வளையங்கள் நிமிரும்.