யாரும் பார்க்காததுபோல ஆடியபோது என்ன நடந்தது?

அம்மா போன பிறகு எனக்கு அழுகையே வரவில்லை. தைரியசாலி என்றார்கள். உள்ளே என்னவோ இறுகிப்போய்க் கிடந்தது எனக்குத்தான் தெரியும். தோழி ஒருத்தி விடாமல் வற்புறுத்தி ஒரு நடனக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே அடவு கிடையாது, சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடையாது. சுவர்க் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். "யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், உடம்பு போகிற போக்கில் விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். அவ்வளவுதான்.

முதல் பாட்டு முழுக்கக் கையை எங்கே வைப்பது என்றே புரியவில்லை. பக்கத்தில் வயதான ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் என் தோள் காதுவரை ஏறி நிற்பது உறைத்தது. இறக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தாளம் வேகம் பிடித்ததும் குதிக்க ஆரம்பித்தேன். எந்த இடத்தில் அழுகை வந்தது என்று சொல்லத் தெரியவில்லை, ஆடிக்கொண்டே அழுதேன். யாரும் ஓடிவந்து தேற்றவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எப்படிச் சொல்வது! அன்று ராத்திரி அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். அம்மாவைப் பற்றி அக்காவிடம் வாய்விட்டுப் பேசியது அதற்கு மறுநாள்தான்.

இதை வைத்தே சிகிச்சை செய்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் 1942-இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளி எப்படி அசைகிறாரோ, அதே மாதிரி தானும் அசைந்துதான் அவரோடு உறவை ஆரம்பிப்பாராம். அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் 1966-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. பேச்சு வராத துக்கத்துக்கு இப்படி ஒரு வழி இருப்பதை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

* * *

நடன சிகிச்சையைப் பற்றிப் படித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்குப் பார்க்கின்சன். கதவு நிலையருகே வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். நடுங்கும் கையைச் சட்டைப்பையில் மறைத்துக்கொள்வார். வெளியே வரவே கூச்சம்.

இந்த நோய் உள்ளவர்களுக்காக நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001-இல் வகுப்பு தொடங்கியது என்று படித்துவிட்டு, வீட்டிலேயே அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். முதலில் என் தம்பி ஆடினான். அப்புறம் நான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்குக் கால் எடுத்து வைத்தார். பாட்டு முடிவதற்குள் நடுங்கும் கை தலைக்கு மேலே போயிருந்தது! நோய் போய்விடாது, மருந்தும் அப்படியேதான் தொடர்கிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் "பாட்டைப் போடு" என்று அவரே கேட்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

* * *

கூச்சம்தான் தடை என்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட் அணியவைத்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். 2000-இல் வெளியான ஆய்வு இது. கூட்டத்தில் ஆடத் தயங்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன், கை கால் தானாக இளகும்.

அப்படியும் முடியாவிட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடிப் பாருங்கள். வீடியோ மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் பார்க்கத் தோன்றும், பார்த்தால் திருத்தத் தோன்றும். முழங்கால் வலி இருந்தால் உட்கார்ந்தபடியே தோளும் கையும் ஆடினால் போதும்.