மறுமொழி: 'வெட் ஸ்னோ அவலாஞ்ச்' – ஈரப் பனிச்சரிவா, இளகுசரிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். மலையில் உருகும் பனி சரிந்து விழுவதை ஆங்கிலத்தில் 'வெட் ஸ்னோ அவலாஞ்ச்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு இங்கே ஐயா ஒருவர் எழுதியது:

> 'ஈரப் பனிச்சரிவு' போதும். நேரான சொல், எல்லாருக்கும் புரியும்.

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். புரியும் என்பது சரி. என்ன புரியும் என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தில். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் மார்ச், ஏப்ரலில் மலையேறப் போகிறார்கள். வெயில் அடிக்கும், ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். குளிர் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டில் நினைக்கிறோம். டாவோஸ் பனி ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை மாலை 5 மணிக்கு நான்கு மொழிகளில் வரும். அவற்றில் தமிழ் இல்லை. ஒரு நாள் அதை அம்மாவுக்குச் சொல்லும்போது 'ஈரப் பனிச்சரிவு' என்றேன். "ஈரம்தானே, சப்பாத்து நனையும், வேறென்ன?" என்றார்.

அவர் மீது பிழையில்லை. ஈரம் தமிழில் இதமான சொல். ஈர நெஞ்சம் என்கிறோம், மண்ணில் ஈரம் இருந்தால் மகிழ்கிறோம். அந்தச் சொல்லில் ஆபத்து ஒட்டவே மாட்டேன் என்கிறது.

உண்மையில் நடப்பது வேறு. இரவு வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்து ஓடுபோல் இறுகும், காலையில் ஆளைத் தாங்கும். மேகம் மூடிய இரவில் அப்படி இறுகாது. பகல் ஏற ஏற உருகிய நீர் உள்ளே இறங்கும். பனியடுக்கு முழுவதும் 0 பாகை செல்சியஸுக்கு வந்து, நீரும் போதிய அளவு சேர்ந்தால், பனிமணிகளைப் பிணைத்திருந்த பாலங்கள் கரைந்து பிடி விட்டுப்போகும். 30 பாகைக்கு மேல் செங்குத்தான இடத்தில் அப்புறம் அதைத் தாங்க எதுவுமில்லை. பலவேளை வெயிலில் சூடேறிய கரும்பாறையின் விளிம்பில் ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே போகப் போக விசிறிபோல் விரியும். உலர்ந்த பனிச்சரிவை விட வேகம் குறைவுதான். ஆனால் கனம்! ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ வரை வரும். நின்றதும் இறுகிவிடும், உள்ளே அகப்பட்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

ஆகவே சொல்லில் வரவேண்டியது பிடி விட்டுப்போவது. ஊரில் மாரிகாலத்தில் பனங்கட்டிக் குட்டானை (பனைவெல்லம் வைத்த சிறு ஓலைப்பெட்டியை) பிரித்தவர்களுக்கு இது தெரியும். வெளியே பார்த்தால் முழுக் கட்டி. தொட்டால் ஓலையோடு ஒட்டி, விரல் பட்ட இடம் அமிழும். 'பனங்கட்டி இளகிப்போச்சு' என்போம், ஈரமாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். அதே வினைதான் வேண்டும்: இளகுபனி, இளகுசரிவு. 'நெகிழ்பனி' என்ற யோசனையும் வந்தது. கட்டு தளர்வது என்ற பொருளில் அது மிகப் பொருத்தம்தான். ஆனால் இன்று நெகிழ்ச்சி என்றால் மனம் உருகுவது, நெகிழி என்றால் பிளாஸ்டிக். அந்த இடம் நிரம்பிவிட்டது.

இன்னொன்று. 'சரிவு' என்பதை மலையின் சாய்ந்த பக்கத்துக்கும் எழுதுகிறோம், விழுகிற பனிக்கும் எழுதுகிறோம். 'பனிச்சரிவில் நடக்காதே' என்றால் எதில்? நிலத்துக்குச் 'சாய்வு' என்றும் நிகழ்வுக்குச் 'சரிவு' என்றும் பிரித்துவிடலாம்.

'கிளைட் அவலாஞ்ச்' இதோடு சேராது. புல் சாய்விலோ வழவழப்பான பாறையிலோ, அடியில் நீர் கசிந்து, முழு அடுக்கும் தரையோடு வழுகி இறங்குவது அது. நடுக்குளிர்காலத்திலும் வரும், நள்ளிரவிலும் வரும். அதற்கு 'வழுகுசரிவு' என்கிறேன். அதற்கு முன் பனியில் திறக்கும் வளைந்த பிளவை இங்கே ஜெர்மனில் 'ஃபிஷ்மவுல்', அதாவது மீன்வாய் என்கிறார்கள். பார்த்தால் அப்படியேதான் இருக்கும்: வெள்ளைச் சாய்வில் பழுப்புப் புல் தெரியத் திறந்த வாய். அதன் கீழே நின்று இளைப்பாறக்கூடாது. இந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வோமா? கரையோர ஊர்க்காரர்கள் யாராவது 'மீன்வாய்' வேறு எதற்காவது வழங்குகிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்மாவிடம் மறுபடி வாசித்துக் காட்டினேன்: 'நண்பகலுக்குப் பின் தெற்குச் சாய்வுகளில் இளகுசரிவு ஆபத்து கூடும்.' சற்று யோசித்துவிட்டு, "அப்ப விடியவே போய், மத்தியானத்துக்குள்ள இறங்கிவரச் சொல்லு" என்றார்.