உட்கார்ந்து எழுவதை எண்ணும் ஆப்: பத்தே நாளில் விட்டுவிடுகிறார்களே?

தறிமேடை:
சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருக்கும் 50 வயசு தாண்டியவர்களுக்கான ஆப். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை போன் கேமராவும் மீடியாபைப் போஸும் (படத்தில் உடம்பின் மூட்டுகள் எங்கே என்று புள்ளி வைத்துக் காட்டும் மாடல்) எண்ணும். முழங்கால் கோணம் 140 டிகிரி தாண்டினால் ஒன்று. ஒரு தடவை எழுந்தால் சில சமயம் மூன்று ஏறுகிறது. சேலை கட்டியவர்களுக்கு ஏறுவதே இல்லை. தினமும் செய்தால் பேட்ஜ் உண்டு. எங்கே கை வைப்பது?

சென்சார்_சேலம்:
பேட்ஜ் அப்புறம். எண்ணிக்கை தப்பினால் ‘இது சும்மா ஏமாத்துது’ என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுவார்கள். ஒரே எல்லைக்கோடு வைத்தால் கோணம் 139, 141 என்று நடுங்கும்போதெல்லாம் எண் ஏறும். இரண்டு கோடு வையுங்கள்: 160 தாண்டினால் நின்றாச்சு, 110க்குக் கீழே வந்தால்தான் அடுத்ததுக்குத் தயார். சேலை, வேட்டிக்குள் முழங்கால் எங்கே என்று மாடல் ஊகம்தான் செய்யும். அவர்களுக்கு இடுப்பின் உயரத்தை எடுங்கள் (மீடியாபைப் போஸில் இடது, வலது இடுப்புக்கான புள்ளிகள் 23, 24). தொடக்கத்தில் ஒருமுறை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, அந்த வித்தியாசத்தை 100 என்று வைத்தால் 70 தாண்டினால் நின்றாச்சு, 30க்குக் கீழே வந்தால் உட்கார்ந்தாச்சு. போன் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், 2 மீட்டர் தள்ளி. ஜன்னல் பின்னால் இருந்தால் ஆள் வெறும் கரிய நிழல்தான்.

கோட்டைமேடு:
தினசரிக் கணக்குதான் ஆளைக் கொல்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் இரண்டு நாள் போச்சு, எண் பூஜ்யம், ‘இனி என்னத்துக்கு?’ வாரத்துக்கு 4 நாள் என்று இலக்கு வையுங்கள். எந்த நாள் என்பது அவர்கள் இஷ்டம். தரவரிசைப் பட்டியல் வேண்டவே வேண்டாம், கடைசியில் இருப்பவர்தான் முதலில் ஓடுவார். பேட்ஜுக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 விநாடி நாற்காலிச் சோதனை: இருக்கை உயரம் 43 செ.மீ., கை இரண்டும் மார்பில் குறுக்காக, முழுசாக எத்தனை தடவை எழுந்தார். போன தடவை எண்ணையும் பக்கத்திலேயே காட்டுங்கள். காலை 6 மணி அலாரத்தை யாரும் மதிப்பதில்லை. ‘டீ குடித்ததும்’ என்பது போல ஏற்கெனவே நடக்கும் வேலையோடு முடிச்சுப் போடுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:
தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் திரை முழுக்க நிறம் மாறட்டும், எண் 3 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். மாடலை ஆப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஏற்காட்டில் உள்ளே தள்ளியிருக்கும் எஸ்டேட் வீடுகளில் சிக்னலை நம்ப முடியாது. வீடியோவைச் சேமிக்கவும் கூடாது. அதை முதல் திரையிலேயே பெரிசாக எழுதாவிட்டால் பெண்கள் கேமரா முன்னால் நிற்கவே மாட்டார்கள்.

சென்சார்_சேலம்:
பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சுவரை ஒட்டிப் போடச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இருக்கையில் மடித்த போர்வை. ஆனால் சோதனை நாளில் அதை எடுத்துவிடணும், இல்லாவிட்டால் எண் பொய்யாக ஏறிவிடும்.