கிராஃபிக்ஸ் கார்டு மென்பொருள்: நடைமுறையில் இருக்கும் அமைப்பு எது என்பதை அது ஏன் சொல்வதில்லை?

பின்னிரவு ஆட்டக்காரர் (கேள்வி)

வணக்கம். என் கணினியில் ஒரு விளையாட்டு மட்டும் விநாடிக்கு 90 பிரேம்களைத் தாண்ட மறுத்தது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 பிரேம்கள் (படங்கள்) வரை காட்டக்கூடியது. கார்டின் வெப்பநிலை 65 டிகிரியைத் தொடவில்லை. அதன் பயன்பாடும் பாதி அளவிலேயே நின்றது. டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) டிடியு என்ற நீக்கும் கருவி கொண்டு முற்றிலும் நீக்கி மறுபடி நிறுவினேன், விண்டோஸின் பவர் பிளானை மாற்றினேன், ராமைக் கழற்றி மாட்டினேன். பத்து நாட்களுக்குப் பிறகே காரணம் புலப்பட்டது. கடந்த மே மாதம், அறை அனலாகக் கொதித்த நாட்களில், கார்டின் சூட்டைக் குறைப்பதற்காகப் பிரேம் வரம்பு வைக்கும் ஒரு தனிச் செயலியில் அந்த விளையாட்டுக்கு மட்டும் 90 என்று நானே எழுதி வைத்திருந்தேன். டிரைவரை நீக்கியபோதும் அந்தச் செயலி அப்படியே இருந்தது. கணினியோடு சேர்ந்து ஒவ்வொரு முறையும் தானும் தொடங்கிக்கொண்டிருந்தது.

மறந்தது நான்தான். ஆனால் கார்டு நிறுவனத்தின் மென்பொருளைத் திறந்து பார்த்தபோதெல்லாம், பிரேம் வரம்பு என்ற இடத்தில் "இல்லை" என்றே அது காட்டிக்கொண்டிருந்தது. தன் அளவில் அது சொன்னது உண்மை. எனக்கு வேண்டியிருந்த விடை அதுவன்று. ஒரே விஷயத்தை விளையாட்டின் மெனுவிலும், டிரைவரின் பொது அமைப்பிலும், அந்த விளையாட்டுக்கான தனி அமைப்பிலும், விண்டோஸிலும், வெளிச் செயலியிலும் மாற்ற முடிகிறது. இந்த ஐந்தில் எது வென்றது என்பதை எங்கும் பார்க்க முடிவதில்லை. விளையாடுபவர்களுக்காக இந்த மென்பொருள்களைத் திருத்தி எழுதும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் எதை முதலில் மாற்றுவீர்கள்? என் கருத்தை ஓரளவு முடிவு செய்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் அனுபவம் உள்ளவர்களின் பதிலைப் படித்த பிறகே நிறுவனத்துக்குக் கருத்து எழுதி அனுப்ப நினைக்கிறேன்.

சட்டகம்144 (பதில்)

உங்களுக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்வதுதான். உள்ளீட்டுத் தாமதத்தை (பொத்தானை அழுத்தியதன் விளைவு திரையில் தெரிய ஆகும் நேரத்தை) குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஜி-சிங்க்கும் வி-சிங்க்கும் (பிரேம்களையும் மானிட்டரையும் ஒத்திசைக்கும் வசதிகள்) இயங்கும்போது விளையாட்டில் ரிஃப்ளெக்ஸை இயக்கினால், பிரேம் விகிதம் தானாகவே 138-ஐ ஒட்டி நின்றுவிடும். மானிட்டரின் எல்லையைத் தொடாமல் சற்றுக் கீழே நிறுத்தினால் உள்ளீட்டுத் தாமதம் குறையும் என்பதற்காகத் தெரிந்தே செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் 141 என்று தன் கையால் அமைத்துவிட்டு 138-ஐப் பார்ப்பவருக்கு, "இந்த வரம்பை ரிஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறது" என்று ஒரு வரி காட்டப்பட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

எனவே நான் கேட்பது புதிய வசதி எதையும் அல்ல. ஏற்கெனவே உள்ள ஒவ்வோர் அமைப்பின் பக்கத்திலும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: இப்போது நடைமுறையில் உள்ள மதிப்பு, அதை வைத்தவர் யார், வைத்த நாள் எது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் பொது அமைப்பு ஒரு தாளிலும் விளையாட்டுக்கான தனி அமைப்பு இன்னொரு தாளிலும் இருப்பதால், ஒன்றைப் பார்க்கும்போது மற்றது கண்ணில் படுவதில்லை. போதாக்குறைக்கு, டிரைவர் ஒரு விளையாட்டை அடையாளம் காண்பது அதன் இயங்கு கோப்பின் பெயரைக் கொண்டு. ஒரு பெயர் ஒரு புரொஃபைலுக்குத்தான் (ஒரு விளையாட்டுக்கான அமைப்புகளின் தொகுப்புக்குத்தான்) சொந்தமாக முடியும் என்பதால், நாம் புதிதாக உருவாக்கும் புரொஃபைலில் அந்தக் கோப்பைச் சேர்க்க முடியாமல் போவதும் உண்டு. புரொஃபைல் இன்ஸ்பெக்டர் போன்ற தனிக் கருவியைத் திறந்தால்தான் அந்தக் கோப்பு வேறெந்தப் புரொஃபைலில் மாட்டியிருக்கிறது என்பது தெரிகிறது. நிறுவனமே செய்ய வேண்டிய வேலையை ஓர் ஆர்வலரின் கருவி செய்துகொண்டிருக்கிறது.

ஒன்றையும் பாராட்ட வேண்டும். என்விடியாவின் பழைய துணை மென்பொருளான ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸில் டிரைவரைப் புதுப்பிக்கக்கூடக் கணக்கு தொடங்கி உள்நுழைய வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் முழுமையாக வெளியான என்விடியா ஆப் அந்தக் கட்டாயத்தை நீக்கியதோடு, இரண்டு மென்பொருள்களில் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக்கவும் தொடங்கியது. திசை சரியானது, இந்த மூன்று விவரங்கள்தான் இன்னும் வரவில்லை.

கம்பிச்சுருள் (பதில்)

சட்டகம்144 அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவருவது சரியான திசை" என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே இடத்தில் எல்லாம் சேரும்போது அந்த மென்பொருளின் கை நீளத் தொடங்குகிறது.

2022-இல் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டின் புரொஃபைலை ஏற்றும்போது, பயனர் கேட்காமலேயே அதே நிறுவனத்தின் ரைசன் பிராசஸரின் ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டும்) அமைப்புகளையும் மாற்றிவிட்டது. அது பிழைதான் என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபரில் நடந்தது இன்னும் கடுமை. தாமதத்தைக் குறைக்க டிரைவரில் புதிதாக வந்த ஆன்டி-லாக் பிளஸ், விளையாட்டு எஞ்சினின் கோப்புகளில் உள்ள செயல்பாடுகளை இடைமறித்துத் தன் வழியாகத் திருப்பியது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் பாதுகாப்பு அமைப்புக்கு அது ஏமாற்று வேலையாகவே தெரிந்தது. அந்த வசதியை இயக்கக் கூடாது என்று அந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் வெளிப்படையாக எச்சரிக்க, ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது. ஒரு சுவிட்சைத் தட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்களின் கணக்குகள் தடைக்கு ஆளாயின. அடுத்த ஆண்டு வந்த ஆன்டி-லாக் 2, விளையாட்டை உருவாக்குபவரே தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் முறைக்கு மாறியது. முதலிலேயே அந்த வழியில் போயிருக்க வேண்டும்.

ஓவர்லேயையும் (விளையாட்டின் மேல் மென்பொருள் காட்டும் அடுக்கையும்) இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2024 டிசம்பரில், என்விடியா ஆப்பின் கேம் ஃபில்டர்களை (விளையாட்டின் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்றும் வசதிகளை) பயன்படுத்தாமலேயே இயக்க நிலையில் வைத்திருந்தால் சில விளையாட்டுகளில் வேகம் குறைகிறது என்று சோதனைகள் காட்டின. அவற்றை அணைத்துவைக்கும்படி நிறுவனமே பரிந்துரைத்தது. வேகத்துக்காகவே இருக்கும் மென்பொருள் வேகத்தைத் தின்பதை எப்படி ஏற்பது? விளையாட்டுக்குள் நுழையும் எந்த வசதியும் நிறுவிய உடன் அணைந்தே இருக்க வேண்டும். இயக்கும்போது, அது விளையாட்டின் நினைவகத்துக்குள் நுழைகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பின்னிரவு ஆட்டக்காரர்

இருவருக்கும் நன்றி. இரண்டு பதில்களையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. எல்லா அடுக்குகளையும் மென்பொருள் காட்ட வேண்டுமென்றால், அது எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்துதானே பார்க்க வேண்டும்? அப்படி நுழைவதுதானே கம்பிச்சுருள் அவர்கள் சொல்லும் ஆபத்து?

வெளியிலிருந்து பார்ப்பவன் (பதில்)

நுழைய வேண்டியதில்லை. உங்கள் சிக்கலுக்கான விடை வெளியிலிருந்தே கிடைத்திருக்கும். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு பிரேமும் திரைக்கு அனுப்பப்படும்போது விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவு வழியாக அதைக் குறித்துக்கொள்கிறது. இன்டெல்லின் திறமூலக் கருவியான பிரசென்ட்மான் அந்தப் பதிவைப் படிக்கிறதே தவிர, விளையாட்டுக்குள் எதையும் செலுத்துவதில்லை. 2023-இல் அதில் "ஜிபியு பிஸி" என்ற அளவு சேர்க்கப்பட்டது. ஒரு பிரேமுக்குச் செலவான மொத்த நேரத்தில் கார்டு உண்மையாக உழைத்த நேரம் எவ்வளவு என்பதை அது காட்டும். விநாடிக்கு 90 பிரேம் என்றால் ஒன்றுக்கு 11.1 மில்லிவிநாடி. கார்டு ஐந்தாறு மில்லிவிநாடியில் தன் வேலையை முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கிறதென்றால் யாரோ அதைக் காக்க வைக்கிறார்கள் என்று பொருள். காக்க வைப்பது பிராசஸரா, வரம்பா என்பதையும் ஓரளவு பிரித்தறியலாம். பிராசஸர் திணறும்போது பிரேம் நேரம் மேலும் கீழுமாகச் சிதறும். வரம்பு வைத்திருந்தால் கோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல 11.1-இலேயே ஓடும். இந்த வேறுபாட்டைக் கண்டு, "கார்டுக்கு வேலை குறைவாக இருக்கிறது, பிரேம் நேரம் நிலையாக இருக்கிறது, எனவே 90 என்ற வரம்பு எங்கோ வைக்கப்பட்டிருக்கிறது, அதை வைத்தது இந்த மென்பொருள் அல்ல" என்று சொல்வதற்குச் சில வரி நிரலே போதும். வரம்பு வைத்தவரின் பெயர் தெரியாவிட்டாலும், தேட வேண்டிய திசை தெரிந்திருக்கும். நீங்கள் ராமைக் கழற்றியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே பார்ப்பதையும் தொடுவதையும் தனித்தனி உரிமைகளாகப் பிரித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. பார்க்கும் பகுதி கணினி முழுவதையும் பார்க்கட்டும். தொடும் பகுதி கார்டை மட்டும் தொடட்டும். தொடும் ஒவ்வொரு முறையும், சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில், பழைய மதிப்பு இது, புதிய மதிப்பு இது என்று பதிந்து வைக்கட்டும். அந்தக் கோப்பு பயனரிடம் இருந்தால் டிரைவரைப் புதுப்பித்த பிறகும் எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளலாம். பிறரிடம் உதவி கேட்கும்போது அப்படியே எடுத்து ஒட்டலாம்.

மின்விசிறிக்காரர் (பதில்)

பிரேம் வரம்பைப் பற்றியே பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. வெப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே தவறு நேர்ந்தால் போவது பிரேம் அல்ல, கார்டு.

2025 ஏப்ரலில் வந்த என்விடியாவின் 576.02 டிரைவரில், கணினி தூக்க நிலையிலிருந்து எழுந்த பிறகு வெப்பநிலை எண் மாறாமல் உறைந்துவிடும் பிழை இருந்தது. 576.15 என்ற அவசரத் திருத்தத்தில் அது சரி செய்யப்பட்டது. ஆனால் இடைப்பட்ட நாட்களில், ஆஃப்டர்பர்னர் போன்ற செயலிகளில் தாமே ஃபேன் கர்வ் (எந்த வெப்பநிலைக்கு மின்விசிறி எந்த வேகம் என்ற கோடு) வரைந்து வைத்திருந்தவர்களின் நிலை என்ன? எண் 40-இல் உறைந்திருந்தால், கார்டு 80-ஐத் தொட்டாலும் மின்விசிறி 40-க்கு உரிய வேகத்தில்தான் சுற்றும். 2010-இல் இதே நிறுவனத்தின் 196.75 டிரைவர், மின்விசிறிக் கட்டுப்பாட்டுச் சிக்கலால் திரும்பப் பெறப்பட்டது. 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் முதல் பதிப்பிலும் மின்விசிறி குறைந்த வேகத்திலேயே நின்றுவிட, சில நாட்களில் திருத்தம் வெளியிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் மூன்று முறை நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கார்டு இழுக்கும் வாட் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, வெப்பநிலை எண் மட்டும் பத்து விநாடியாக அசையவில்லை என்றால், அந்த எண்ணை நம்பாமல், மின்விசிறியைக் கார்டின் சொந்தக் கட்டுப்பாட்டிடமே ஒப்படைத்துவிடும் ஏற்பாடு எல்லா மென்பொருளிலும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

அண்டர்வோல்ட் செய்வோருக்கும் (கார்டின் மின்னழுத்தத்தைக் குறைத்து வைப்போருக்கும்) ஒரு குறை உண்டு. நான் பயன்படுத்தும் மென்பொருள், கணினி முறையாக அணையாவிட்டால் என் அமைப்புதான் அதைக் கவிழ்த்தது என்று எண்ணி எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. எங்கள் பகுதியில் மின்தடை வராத வாரம் இல்லை. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது என்பது புரிகிறது. அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும். டிரைவர் பதிலளிக்காமல் போய் மீண்டிருந்தால் விண்டோஸ் அதை 4101 என்ற எண்ணில் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவு இருந்தால் அண்டர்வோல்ட்டைச் சந்தேகிக்கலாம். இல்லாவிட்டால், "மின்சாரம் நின்றதா, கணினி உறைந்ததா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, நான் சொல்வதைப் பொறுத்து முடிவு செய்யட்டும்.

கம்பிச்சுருள்

பார்க்கும் உரிமையையும் தொடும் உரிமையையும் பிரிப்பது என்ற யோசனையை முழுமையாக ஏற்கிறேன். என் தயக்கம் அதில் தீர்ந்துவிட்டது. ஒரு திருத்தம் மட்டும்: அந்தப் பதிவுக் கோப்பு கணினியிலேயே இருக்க வேண்டும், நிறுவனத்தின் சர்வருக்குப் போகக் கூடாது.

பின்னிரவு ஆட்டக்காரர்

நேற்றிரவு அந்த 90 வரம்பை வேண்டுமென்றே மறுபடி வைத்துப் பிரசென்ட்மான் கொண்டு அளந்தேன். பிரேம் நேரம் 11.1-இல் கோடு போட்டதுபோல் நின்றது. கார்டு உழைத்த நேரம் 5.5-ஐத் தாண்டவில்லை. வரம்பை நீக்கியதும் பிரேம் நேரம் 6-ஐ ஒட்டி இறங்கியது. கோடும் நெளியத் தொடங்கியது. இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து, கீழே "இந்த வேறுபாட்டைக் கண்டு ஒரு வரி எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்டு, நிறுவனத்தின் கருத்துப் பக்கத்துக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். உறைந்த வெப்பநிலை எண்ணுக்கான யோசனையைத் தனிக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மின்விசிறிக்காரர் அவர்களே, பத்து விநாடி என்ற அளவை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதைச் சொன்னால் அதையும் சேர்த்துவிடுவேன்.

மின்விசிறிக்காரர்

என் கார்டில் விளையாட்டைத் தொடங்கியதும் வெப்பநிலை ஒவ்வொரு விநாடியும் ஒன்றிரண்டு டிகிரி ஏறுகிறது. சூடு நிலைபெற்ற பிறகும் பத்து விநாடிக்குள் ஒரு முறையாவது ஒரு டிகிரி அசையாமல் இருந்ததில்லை. ஒரே ஒரு கார்டில் பார்த்த அளவு இது என்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.