நான்கு லட்சம் என்றார்கள், கைக்கு வந்தது எவ்வளவு? சேலத்திலிருந்து வேலைக்குப் போனவர்களின் சம்பள அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட்:

ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்து, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவும் பெற்ற கையோடு, சென்னையில் ஓர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். மாதம் 22,000 ரூபாய் என்றார்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்த ஓர் அலுவலகம் 16,000 தருவதாகச் சொல்லியிருந்ததால், ஆறாயிரம் கூடுதலாயிற்றே என்ற மகிழ்ச்சியில் வேறு எதையும் கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

முதல் மாதம் வங்கிக் கணக்கில் 19,800 தான் வந்தது. கணக்குப் பிரிவில் விசாரித்தபோதுதான் நான் அந்த அலுவலகத்தின் ஊழியரே அல்ல என்பது தெரிந்தது. எனக்குக் கொடுப்பது சம்பளம் அன்று, தொழில்முறைக் கட்டணம் என்றும், அதனால் வருமான வரிக்காக 10 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றும், வருங்கால வைப்பு நிதி கிடையாது என்றும் அங்கிருந்த அக்கா பொறுமையாக விளக்கினார். காலை ஒன்பதரைக்கு விரல் ரேகை வைத்து உள்ளே போய், இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிற ஒருத்தி எப்படி ஊழியர் ஆகாமல் போவாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆண்டு முழுவதும் பிடித்த 26,400 ரூபாய், என் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லாததால், கணக்குத் தாக்கல் செய்தபின் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வேளச்சேரி விடுதிக்கு 8,500, போக்குவரத்துக்கு 1,500, மாதம் இருமுறை சேலம் வந்து போக 1,200 என்று கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், அந்த 2,200 இல்லாததன் அருமை எனக்குத்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வேலை வரைபடங்களைப் படிக்கட்டு, குழாய்ப்பாதை, தண்ணீர் புகாத மேல்தளம் வரை முழுவதுமாக வரைந்து பழகியது அங்கேதான். ஊரில் இருந்திருந்தால் அனுமதிக்கான பிளானும் முகப்புப் படமுமாகவே அந்த இரண்டு ஆண்டுகளும் போயிருக்கும்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு சிவில் பொறியாளர்:

அஸ்தம்பட்டி அக்கா தான் ஊழியராகவே இல்லை என்கிறார். நானோ ஊழியராக இருந்தும் ஏமாந்தேன். பெங்களூரில் ஒரு கட்டுமான நிறுவனம் எனக்குக் கொடுத்த கடிதத்தில் ஆண்டுக்கு 4,20,000 என்று இருந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 35,000 என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா அதைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டார்.

அந்த 35,000-இல் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 17,500. வைப்பு நிதிக்கு நிறுவனம் போடும் 12 சதவீதமான 2,100 ரூபாயும் என் பெயரிலேயே கணக்காகியிருந்தது. வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 842 ரூபாய். ஆண்டு இறுதியில் வேலையைப் பார்த்துத் தருவோம் என்று நிறுத்திவைத்தது மாதம் 3,000. இவை போக மீதியிலிருந்து வைப்பு நிதிக்கு என் பங்காக இன்னொரு 2,100, கர்நாடகத் தொழில் வரி 200. கைக்கு வந்தது 26,758. வைப்பு நிதி என் சேமிப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில் விலகியபோது அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

நேரக் கணக்கு இதில் சேரவில்லை. பெங்களூரில் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிகள் இரவில்தான் வரும். கான்கிரீட் போடும் இரவில் விடியும்வரை நின்று, ஒவ்வொரு லாரிக்கும் கான்கிரீட்டின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனை பார்த்து, வலிமையைச் சோதிக்கக் கனசதுர மாதிரி (கியூப்) எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு மீட்டிங்கில் உட்கார வேண்டும். இரவு வேலைக்குத் தனிப் பணம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, எங்கள் சித்தப்பா வீட்டு வேலைக்கு வந்த கொத்தனார் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். மாதம் 26 நாள் என்றால் 26,000. அவர் வாங்குவது அதிகம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் அந்த வேலையைச் செய்துபார்த்தவர்களுக்கு அது குறைவு என்றே தோன்றும். பொறியியல் படிக்க வாங்கிய கல்விக்கடன் என் தலையில் இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் இப்போதும் தேர்வாணையத் தேர்வை எழுது என்கிறார்கள். உதவிப் பொறியாளர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியமே 37,700 என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து, சொந்த அலுவலகம் நடத்தும் ஒருவர்:

தம்பி, தங்கச்சி இருவர் சொன்னதையும் படித்தேன். நான் சம்பளம் கொடுக்கிற பக்கத்தில் இருக்கிறேன் என்பதால் என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1,500 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 என்றால் 37,50,000 ரூபாய் வேலை. அதற்கு நான் கேட்பது 3 சதவீதம், 1,12,500. அதைப் பிளானுக்குக் கொஞ்சம், அஸ்திவாரத்தின்போது கொஞ்சம், தளம் போட்டபின் கொஞ்சம் என்று ஒன்றரை ஆண்டு இழுத்துத் தருவார்கள். குடிபுகும் நாளில் தர வேண்டிய கடைசித் தவணை பெரும்பாலும் சாப்பாட்டோடு முடிந்துவிடும். வரைவாளர் ஒருவருக்கு மாதம் 20,000 கொடுக்க ஆண்டுக்கு 2,40,000 வேண்டும். ஒருவர் சம்பளத்துக்கே இரண்டு வீட்டின் முழுக் கட்டணமும் போதாது. வாடகை, மின்சாரம் எல்லாம் அதற்கு மேல்.

மலைமேல் வேலை என்றால் இன்னும் கடினம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்ச் சரிவை அளந்து, தாங்குசுவர் கணக்குப் போட்டு, மலைப்பகுதிக்கான தனி அனுமதிக்கும் அலைய வேண்டும். அவ்வளவுக்கும் பிறகு, "ஒரு பேப்பரில் கோடு போடுவதற்கா இவ்வளவு?" என்று நேராகவே கேட்ட எஸ்டேட்காரரும் உண்டு. பிள்ளைகளுக்குக் குறைவாகக் கொடுப்பதை நான் நியாயப்படுத்தவில்லை; நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஆனால் பெருநகரத்தில் சதவீதமும் அதிகம், கட்டடமும் பெரிது. அங்கே இருப்பவர்கள் இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

அஸ்தம்பட்டி ஆர்க்கிடெக்ட் மீண்டும்:

அண்ணா கடைசியாகச் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்ற வாரம் பெங்களூரில் இன்னொரு நேர்காணலுக்குப் போனேன். 30,000 என்றவுடன், இது சம்பளமா கட்டணமா என்று கேட்டேன். கட்டணம்தான், இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்கள். அப்படியானால் வைப்பு நிதிக்கு நீங்கள் போட வேண்டாத 12 சதவீதத்தை என் தொகையில் சேர்த்துவிடுங்கள் என்றேன். அறையில் சற்று நேரம் பேச்சே இல்லை. இரண்டு நாள் கழித்து 32,000 என்று கடிதம் வந்தது. ஊழியர் என்ற சொல் மட்டும் அதிலும் இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.