கிட் செக்அவுட் பற்றிய பழைய வழிகாட்டி: எல்லா இடத்திலும் ஸ்விட்ச் என்று மாற்றிவிடலாமா?

நூல்கண்டு:
டீமோட கிட் (நிரல் கோப்புகளோட மாற்றங்களைப் பதிவு பண்ற மென்பொருள்) வழிகாட்டி 2017-ல எழுதினது. கிளை (தனியா ஓடுற வேலைத் தொடர்) மாத்துறது, கோப்பை பழைய நிலைக்குக் கொண்டுவர்றது எல்லாத்துக்கும் `கிட் செக்அவுட்`தான் போட்டிருக்கு. 2019 ஆகஸ்ட்ல 2.23 பதிப்போட வந்த ஸ்விட்ச் (கிளை மாத்த), ரிஸ்டோர் (கோப்பை மீட்க) ரெண்டுக்கும் ஏத்தபடி திருத்தணும். நாற்பது இடத்துக்கு மேல வருது. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போதுமா? பில்ட் ஸ்கிரிப்ட்டையும் (நிரலைத் தானா கட்டுற கட்டளைக் கோப்பு) தொடணுமா? மேலே "செக்அவுட் வழக்கொழிந்தது"ன்னு ஒரு குறிப்பு போடலாம்னு இருக்கேன்.

கிளைக்காரன்:
அந்தக் குறிப்பு மட்டும் வேண்டாம், அது தப்பு. கிட் 3.0-ல எதெல்லாம் போகும்னு சொல்ற ஆவணத்துலயே, செக்அவுட் பரவலா புழங்குறதால மூணு கட்டளையும் இருக்கும்னு எழுதியிருக்காங்க.

ஃபைண்ட்-ரீப்ளேஸும் ஆகாது. ஒவ்வொரு வரியும் என்ன வேலைக்குன்னு பார்த்து மாத்துங்க. கிளைக்குப் போறதுன்னா `கிட் ஸ்விட்ச் பெயர்`. புதுக் கிளைக்கு `-பி` இருந்த இடத்துல `--கிரியேட்`. டேகுக்கோ (ஒரு கமிட்டுக்கு வெச்ச பெயர்) கமிட்டுக்கோ (பதிவான ஒரு நிலை) போறதுன்னா `--டிடாச்` கட்டாயம். செக்அவுட் தடுக்காம போய்டும், ஸ்விட்ச் "கிளை வேணும், நீ கொடுத்தது டேக்"னு நின்னுடும். படிக்கிறவங்க முதல்ல மாட்டுற இடம் இதுதான்.

`கிட் செக்அவுட் -- கோப்பு` வர்ற இடத்துல `கிட் ரிஸ்டோர் கோப்பு`. பழைய வழிகாட்டிகள்ல இதுக்குப் பக்கத்துல "கடைசி கமிட் நிலைக்கு வரும்"னு எழுதியிருப்பாங்க. ரெண்டு கட்டளையுமே இண்டெக்ஸ்ல (அடுத்த கமிட்டுக்கு `கிட் ஆட்` பண்ணி வெச்ச நிலை) இருந்துதான் எடுக்கும். ஆட் பண்ணி வெச்சிருந்தா அந்த நிலைக்குத்தான் வரும், கமிட்டுக்கு இல்ல. கட்டளையை மாத்தும்போதே அந்த வாக்கியத்தையும் திருத்துங்க.

`கிட் ரீசெட் ஹெட் கோப்பு` (ஆட் பண்ணினதை விலக்குறது; ஹெட்னா இப்போ இருக்கிற கமிட்) வர்ற வரிகளையும் தேடுங்க, அதுக்கு இப்போ `கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்டு`. ஒரு கமிட்டும் இல்லாத புது ரெப்போல (கிட் கண்காணிக்கிற திட்டக் கோப்புறை) மட்டும் இது வேலை செய்யாது. அங்க `கிட் ஆர்எம் --கேஷ்டு`.

தறி:
மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். இரண்டிலும் பிழைச் செய்தியே வராது, அதனால்தான் ஆபத்து.

`கிட் செக்அவுட் ஹெட் -- கோப்பு` இண்டெக்ஸ், வேலைக் கோப்பு இரண்டையும் மாற்றும். `கிட் ரிஸ்டோர் --சோர்ஸ்=ஹெட் கோப்பு` வேலைக் கோப்பை மட்டுமே மாற்றும். பழைய பலன் வேண்டுமென்றால் `--ஸ்டேஜ்டு --வொர்க்ட்ரீ` இரண்டும் சேர வேண்டும்.

அடுத்தது கோப்புறை. ஒரு காலி ரெப்போவில் `கான்ஃப்` கோப்புறைக்குள் ஒரு கோப்பை வைத்து முதல் கமிட் போடுங்கள். அதைத் திருத்தி, உள்ளே இன்னொரு கோப்பும் சேர்த்து இரண்டாவது கமிட். இப்போது `கிட் செக்அவுட் ஹெட்~1 -- கான்ஃப்` (ஹெட்~1 என்றால் முந்தைய கமிட்) கொடுத்தால் முதல் கோப்பு பழையதாகும், இரண்டாவது கோப்பு அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் மீட்டுவிட்டு `கிட் ரிஸ்டோர் --சோர்ஸ்=ஹெட்~1 கான்ஃப்` கொடுங்கள். `கிட் ஸ்டேட்டஸ் --ஷார்ட்` பார்த்தால் முதல் கோப்புக்கு எம் (மாறியது), இரண்டாவதுக்கு டி (நீக்கப்பட்டது). கோப்பே அழிந்திருக்கும். செக்அவுட் பழைய கோப்புகளை இருப்பவற்றின் மேலே பரப்பும், எதையும் நீக்காது. ரிஸ்டோர் மூலத்தில் இல்லாத, கிட் கண்காணிக்கும் கோப்புகளை நீக்கிவிடும். பழைய நடத்தை வேண்டுமானால் `--ஓவர்லே`. கோப்புறை வரும் வரிகளை இப்படி ஓட்டிப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

கிளைக்காரன்:
ஓவர்லே விஷயம் நான் விட்டது, சரியான பாயிண்ட்.

பில்ட் ஸ்கிரிப்ட்டை அப்படியே விடுங்க. பழைய லினக்ஸ்கள்ல வர்ற கிட் பதிப்பு: சென்ட்ஓஎஸ் 7-ல 1.8.3.1, உபுண்டு 18.04-ல 2.17, டெபியன் 10-ல 2.20. பில்ட் அந்த லினக்ஸ் இமேஜ்ல ஒண்ணுல ஓடினாலும் ஸ்விட்ச்னு ஒரு கட்டளையே இல்லைன்னு விழும். கூடவே, 2.50 வரைக்கும் ரெண்டு கட்டளையோட கையேட்டுலயும் "சோதனை நிலை, நடத்தை மாறலாம்"னு எச்சரிக்கை இருந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த 2.51-லதான் எடுத்தாங்க. வழிகாட்டி தலைப்புல "கிட் 2.23 அல்லது அதற்கு மேல் தேவை"ன்னு ஒரு வரி போதும்.

நூல்கண்டு:
கோப்புறை வரி மூணு இருக்கு, மூணையும் ஓட்டிப் பார்க்கிறேன். இந்த எச்சரிக்கை சரியா: "ரிஸ்டோர் கமிட் ஆகாத மாற்றங்களை அழிக்கும். தவறுதலாகக் கொடுத்துவிட்டால் ரெஃப்லாக் மூலம் மீட்கலாம்."

தறி:
முதல் வாக்கியம் சரி, இரண்டாவதை எடுத்துவிடுங்கள். ரெஃப்லாக்கில் கிளையும் ஹெட்டும் நகர்ந்த தடம்தான் இருக்கும். ஆட்கூடப் பண்ணாத மாற்றம் அதில் வராது. முன்பே ஒருமுறை ஆட் பண்ணியிருந்தால் மட்டும் `கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்` கொடுத்து, `.கிட்` கோப்புறைக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட், அதற்குள் அதர் என்பதில் தேடலாம். கோப்புப் பெயர் இருக்காது, ஹாஷ்தான் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட எண்) பெயராக நிற்கும். உள்ளே திறந்து பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். இயல்பு அமைப்பில் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதானால் ஜிசி (கிட்டின் குப்பை அகற்றும் வேலை) ஓடும்போது அதுவும் போய்விடும்.